இமையில் கடித்த உண்ணி: பிடுங்கிய பிறகு என்ன செய்வது?

வாசகி கேள்வி:

எங்களுக்குத் திருவொற்றியூர் காலடிப்பேட்டை. மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் தெருவில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் அந்தக் குட்டிகளைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சிக்கொண்டுதான் இருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டும்போது வலது கண் மேல் இமையில், மயிர் முளைக்கிற இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு முண்டு தெரிந்தது. மரு என்றார் என் மாமியார். சுண்ணாம்பு வைத்தால் விழுந்துவிடும் என்றார், நான் விடவில்லை. மறுநாள் அது இன்னும் உப்பியிருந்தது. உற்றுப் பார்த்தால் கால் அசைகிறது! பக்கத்து வீட்டு அக்கா மண்ணெண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார். என் கணவர் பயந்துபோய் புருவம் திருத்துகிற இடுக்கியால் பிடுங்கிவிட்டார். உடம்பு வந்துவிட்டது, ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இமையிலேயே நிற்கிறது. இமை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. தலை உள்ளே இருந்தால் கண்ணுக்குள்ளோ மூளைக்கோ போய்விடுமா? நாய்க்கடி ஊசி போட வேண்டுமா? காய்ச்சல் வரும் என்கிறார்களே, இப்போதே மாத்திரை கொடுக்கலாமா? அந்த நாயை என்ன செய்வது? பள்ளிக்கு அனுப்பலாமா?

கண் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே, "இன்றைக்கே ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை இமையில் எதையும் தடவாதீர்கள்" என்று இரண்டு வரி பதில் அனுப்பினேன். காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் நடந்தது வட சென்னையில் எந்த வீட்டிலும் நடக்கலாம். தெருநாயும், அவிழ்த்துவிட்ட மாடும், விளையாடுகிற பிள்ளைகளும் ஒரே தெருவைப் பங்குபோட்டுக்கொள்கிற ஊர் நம்முடையது.

முதலில் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற அந்தத் "தலை". இமையில் நிற்பது பெரும்பாலும் முழுத் தலை அல்ல, உண்ணியின் வாய்ப்பகுதி. உண்ணி கொசுவைப் போலக் குத்திவிட்டுப் பறந்துபோவதில்லை. தோலைக் கீறி, பின்னோக்கி வளைந்த முட்கள் உள்ள வாயைச் செருகி, கெட்டிப்படுகிற ஒரு பசையைச் சுரந்து தன்னை அங்கேயே ஒட்டவைத்துக்கொள்கிறது. அதன் எச்சிலில் வலி தெரியாமல் செய்யும் பொருளும், இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும் இருக்கின்றன. பாப்பாவுக்கு வலிக்கவே இல்லை, நீங்கள் குளிப்பாட்டும்வரை யாருக்கும் தெரியவில்லை என்றால் அதற்குக் காரணம் இதுதான். வளர்ந்த பெண் உண்ணி இப்படி ஒரு வாரம்வரைகூட ஒட்டியிருந்து இரத்தம் குடிக்கும். குடிக்கக் குடிக்க உப்பும். முதல்நாள் மிளகு அளவில் இருந்தது மறுநாள் பெரிதாகத் தெரிந்ததும் அதனால்தான்.

உடம்பு அறுந்த பிறகு உள்ளே நிற்கும் துண்டுக்கு உயிர் கிடையாது. அது நகராது, வளராது, முட்டை வைக்காது. கண்ணுக்குள்ளும் போகாது, மூளைக்கும் போகாது. விரலில் ஏறிய சிலாம்பைத் தோல் தானாக வெளியே தள்ளுவதுபோல இதையும் நாளடைவில் தள்ளிவிடும். கையிலோ முதுகிலோ இப்படி நின்றிருந்தால், சுலபமாக எடுக்க வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆறிவிடும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இமை என்பதால்தான் காட்டச் சொல்கிறேன். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. சின்னக் கிருமித்தொற்று வந்தாலும் சட்டென்று வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். அந்தத் துண்டு இமையின் ஓரத்திலோ உட்புறத்திலோ நின்றால், ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் கருவிழியில் உரசும். கருவிழியில் கீறல் விழுந்து புண்ணானால், ஆறிய பிறகும் பார்வையை மறைக்கிற தழும்பு நிற்கலாம். இன்னொன்று, துண்டைச் சுற்றி உடம்பு காட்டும் எதிர்ப்பால் சில வாரங்கள் கழித்து இமையில் கெட்டியான ஒரு சிறு கட்டி தங்கிவிடுவதும் உண்டு. ஆபத்தில்லாததுதான், ஆனால் 7 வயதுப் பிள்ளை அதைக் கசக்கிக்கொண்டே இருக்கும்.

கண் மருத்துவர் என்ன செய்வார் என்று தெரிந்திருந்தால் பாப்பாவிடம் நீங்களே சொல்லித் தயார்படுத்தலாம். மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் இமையைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். இமையைப் புரட்டி உள்பக்கமும் பார்ப்பார்கள். மஞ்சள் நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்தால், கருவிழியில் கீறல் இருந்தால் பச்சையாக ஒளிரும். இதில் எதிலும் வலி கிடையாது. துண்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மரத்துப்போகும் சொட்டு விட்டு நுண்ணிய இடுக்கியால் எடுத்துவிடலாம். ஆழமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு, துளியளவு தோலோடு சேர்த்து எடுப்பார்கள். சிறுபிள்ளைகள் அசையாமல் இருக்க மாட்டார்கள் என்பதால் சில சமயம் லேசான மயக்கம் கொடுத்துச் செய்ய வேண்டிவரும். அப்படிச் சொன்னால் பயப்படாதீர்கள். அசையும் குழந்தையின் கண்ணருகே கூரான கருவியைக் கொண்டுபோவதைவிட அதுவே பாதுகாப்பு. துண்டோடு இரண்டு மூன்று இமைமயிர் வந்தாலும் சில வாரங்களில் முளைத்துவிடும். பிறகு ஆன்டிபயாடிக் களிம்பு சில நாளைக்குத் தருவார்கள், அவ்வளவுதான்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கண் பிரிவு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இருக்கிறது. 1819இல் தொடங்கி 200 ஆண்டுகளைத் தாண்டிவிட்ட இடம், முழுக்கக் கண்ணுக்கென்றே இருப்பது. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கலாம். இரண்டு இடத்திலும் இதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். பிடுங்கிய உண்ணியை வைத்திருந்தால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள். தூக்கிப்போட்டுவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, கைப்பேசியில் எடுத்த படம் இருந்தால் காட்டுங்கள்.

உங்கள் கணவர் செய்தது தவறா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் ஓரத்தில் அந்த வருத்தம் தெரிகிறது. இடுக்கியால் எடுத்தது சரியான எண்ணம்தான். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் போடாமல் விட்டீர்களே, அதற்கு உங்களுக்கு நான் மனதாரப் பாராட்டு சொல்ல வேண்டும். கண்ணில் சுண்ணாம்பு போன்ற அரிக்கும் காரப்பொருள் பட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு கண் மருத்துவருக்கும் தெரியும். சுண்ணாம்பு கண்ணுக்குள் போனால் மேலே தங்காது, கருவிழியின் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். சில நிமிடங்களில் பார்வையே போகலாம். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு டியூபைக் குழந்தை அழுத்தி, அது கண்ணில் தெறித்து, பார்வை இழந்து வரும் பிள்ளைகளை இந்த நாட்டில் எல்லாக் கண் மருத்துவமனைகளும் பார்த்திருக்கின்றன. அதனால் பாட்டியிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: முகத்தில் எந்த மருவுக்கும் சுண்ணாம்பு கூடாது. ஒருவேளை எப்போதாவது கண்ணில் பட்டுவிட்டால், யாரையும் தேடி ஓடும் முன், துகள் இருந்தால் சுத்தமான துணியால் துடைத்தெடுத்துவிட்டு, குழாயைத் திறந்து அரைமணி நேரம் கண்ணைக் கழுவுங்கள். பிறகுதான் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், நகப்பாலிஷ், தேங்காய் எண்ணெய், வாசலின், தீக்குச்சிச் சூடு என்று உண்ணிக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ள எண்ணம் ஒன்றுதான்: மூச்சு முட்டினால் அல்லது எரிந்தால் தானாக விட்டுவிடும் என்பது. உண்ணி மிக மிகக் குறைவாகவே மூச்சு விடும், அதை அப்படி மூச்சுமுட்ட வைப்பது சுலபமில்லை. தொல்லை கொடுத்தால் வாய்வழியாகக் கக்கும் வாய்ப்புதான் கூடும். அதன் எச்சிலிலும் குடலிலும் கிருமி இருந்தால் அது நேராகப் பிள்ளையின் இரத்தத்துக்குப் போகும். நசுக்கிப் பிடிப்பதும் அதேபோலத்தான்.

சரியான முறை இது. வேறிடத்தில் கடித்திருந்தால் நீங்களே செய்யலாம். மெல்லிய முனையுள்ள இடுக்கியை உண்ணியின் வயிற்றில் வைக்காமல், தோலை ஒட்டி அதன் வாய் இருக்கும் இடத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேல்நோக்கி ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருந்தால் அது பிடியை விடும். கொஞ்ச நேரம் ஆகலாம், பொறுமை வேண்டும். அப்புறம் அந்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இமையில் கடித்திருந்தால் மட்டும் வீட்டில் தொடாதீர்கள். துள்ளுகிற குழந்தை, வழுக்குகிற உண்ணி, ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் கருவிழி. அதை மருத்துவமனையில் மரத்துப்போகும் சொட்டு விட்டு எடுப்பதே முறை. ஒரு இரவு பொறுத்துக் காலையில் போனாலும் சரி, கண்ணருகே கத்தி ஊசி எடுக்காதீர்கள்.

மருந்துக்கடைக்குப் போய் "கண் வீக்கத்துக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்காதீர்கள் என்றும் சொல்லிவைக்கிறேன். அப்படிக் கொடுக்கப்படும் சொட்டு மருந்து பலவற்றில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். வீக்கம் சட்டென்று வடியும், எல்லாருக்கும் திருப்தியாக இருக்கும். கருவிழியில் புண் இருந்தால் அதே சொட்டு அந்தப் புண்ணை வளர்த்துவிடும். நாள்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் ஏறலாம். அட்டையில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசொலோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், கண் மருத்துவர் எழுதித் தராமல் விடக் கூடாது. தாய்ப்பால், பன்னீர், இளநீர் எதுவும் வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையைத் துடைத்தால் போதும்.

இப்போதைய லேசான வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடிய வேண்டும். வடியாமல் இமை சிவந்து, சூடாகி, தொட்டாலே வலிக்கிறது என்றால் தோலுக்குள் கிருமித்தொற்று பரவுகிறது என்று பொருள்; அன்றைக்கே காட்ட வேண்டும். கண்ணை அசைத்தால் வலி, கண் முன்னுக்குத் தள்ளியிருப்பது, இரண்டிரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு எந்த நேரம் என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தேவைப்பட்டால் 108ஐக் கூப்பிடுங்கள்.

நாய்க்கடி ஊசி பற்றி. உண்ணி கடித்தால் வெறிநோய் வராது. உண்ணிக்காக மட்டும் அந்த ஊசி தேவையில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. குட்டியை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கும். கடித்தால்தான் வரும் என்றில்லை. நாயின் எச்சில் கண்ணுக்குள்ளோ, வாய்க்குள்ளோ, தோலில் உள்ள காயத்திலோ பட்டால் உலக சுகாதார நிறுவனம் அதை மூன்றாம் வகை, அதாவது மிகத் தீவிரமான வகை என்றே கணக்கில் வைக்கிறது. முழுத் தடுப்பூசி வரிசையோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் தர வேண்டிய வகை அது. குட்டிதானே என்று விட முடியாது, குட்டிக்கும் வெறிநோய் வரும். நோய் வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. வருவதற்கு முன் தடுக்க முழு வழி இருக்கிறது. அதனால் பாப்பாவிடம் மிரட்டாமல் கேளுங்கள்: குட்டி கண்ணை நக்கியதா, உதட்டை நக்கியதா, பல்லோ நகமோ பட்டுக் கீறியதா? திட்டு விழும் என்று பயந்தால் பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். ஆமாம் என்றால், அல்லது உங்களுக்கே சந்தேகம் என்றால், கண் பிரிவுக்குப் போகிற அன்றே நாய்க்கடிப் பிரிவிலும் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆரம்பித்தால் எழுதித் தரும் எல்லாத் தேதிக்கும் போக வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது.

டிடி (தனுர்வாதத் தடுப்பு) ஊசிக்குத் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். 5 வயதில் போடும் டிபிடி பூஸ்டர் போட்டிருந்தால் இப்போது வேண்டியதில்லை.

இனி காய்ச்சல். இதைத்தான் நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இமையில் கடித்த உண்ணியை எடுப்பது சில நிமிட வேலை. கண்ணைப் பொறுத்தவரை பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, எல்லாரும் மறந்துபோன பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அப்போது இந்த உண்ணியை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நாய் உண்ணி வழியாக வரக்கூடிய முக்கியமான நோய் இந்திய டிக் டைஃபஸ். ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா வகையால் வருவது. செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது நாய் உண்ணி அல்ல, புல்லிலும் புதரிலும் இருக்கும் மைட் என்ற நுண்ணிய பூச்சியின் குஞ்சு. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதற்குப் பிந்தைய குளிர்மாதங்களிலும் ஸ்க்ரப் டைஃபஸ் அதிகம் வருகிறது, சென்னையிலும் வருகிறது. பரப்பும் பூச்சி வேறு, கிருமி வேறு. ஆனால் இரண்டுக்கும் கேட்கும் மருந்து ஒன்றே, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். பயமுறுத்தும் வேறு சில பெயர்களும் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சல், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உள்ள வேறு வகை உண்ணியால் வருவது. அமெரிக்காவில் அதிகம் பேசப்படும் லைம் நோயைப் பரப்பும் உண்ணியும் வேறு. காலடிப்பேட்டைத் தெருநாயின் உண்ணிக்காக இவற்றை நினைத்துக் கலங்க வேண்டாம்.

இப்போதே மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கடித்த எல்லா உண்ணியிலும் கிருமி இருக்காது, கடிபட்ட எல்லாருக்கும் நோய் வராது. லைம் நோய் உள்ள பகுதிகளில் கடித்த 72 மணி நேரத்துக்குள் ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை இணையத்தில் படித்துவிட்டு இங்கே செய்யக் கூடாது. நல்லபடியாக இருக்கும் பிள்ளைக்கு மருந்து தேவையில்லை, கவனிப்புதான் தேவை.

கடித்த நாளை காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து 2 வாரம் தினமும் பாப்பாவைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் வந்தால், கடுமையான தலைவலி, உடம்புவலி, வாந்தி, சோர்வு இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். தோலில் சிவந்த தடிப்பு காய்ச்சலுக்குச் சில நாள் பின்னால்தான் வரும். நம் பிள்ளைகளின் நிறத்தில் அது எளிதாகத் தெரியாது. அதனால் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். டிக் டைஃபஸில் அங்கேயும் புள்ளிகள் வரும், அது ஒரு முக்கியமான அடையாளம். காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இமையிலிருந்து வடியும் நிணநீர் அங்கேதான் போகிறது. கடித்த இடமோ உடம்பில் வேறு எங்காவதோ சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தால் அதையும் காட்டுங்கள்.

நம் பக்கம் நடப்பது என்ன? காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு பரிசோதனை. அது சரிதான், செய்யத்தான் வேண்டும். ரிக்கெட்சியாக் காய்ச்சலிலும் தட்டணுக்கள் குறையலாம், அதனால் டெங்கு போலவே தோன்றும். டெங்கு இல்லை என்று வந்ததும் வைரஸ் காய்ச்சல் என்று விடுவார்கள், அல்லது அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக் தருவார்கள். இந்தக் கிருமிக்கு அவை வேலை செய்யாது. காய்ச்சல் ஐந்து நாள், ஆறு நாள் என்று நீளும், பிறகு நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதிக்கத் தொடங்கும். சரியான மருந்தான டாக்ஸிசைக்ளினோ விலை குறைந்தது, அரசு மருத்துவமனையில் கிடைப்பது. நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அதைத் தருகிற எண்ணம் மருத்துவருக்கு வர வேண்டும் என்றால், அவருக்கு ஒரு வாக்கியம் தெரிய வேண்டும்: "டாக்டர், இத்தனாம் தேதி இவளுக்கு இமையில் நாய் உண்ணி கடித்தது."

அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். நெரிசலான காய்ச்சல் ஓ.பி.யில் மருத்துவர் அதைக் கேட்காமல் போகலாம். நீங்கள் வேலைக்குப் போய்விட்டு பாட்டி அழைத்துப்போனாலும் அவரும் சொல்லும்படி சொல்லிவையுங்கள். சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே சந்தேகத்தின்பேரில் இந்த மருந்தைத் தொடங்குவதுதான் முறை, ஏனென்றால் முதல் சில நாளில் பரிசோதனை காட்டாமல் போகலாம்.

"8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறை படியும்" என்று யாராவது சொல்லலாம். பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கை அது. இந்த வகைக் காய்ச்சலுக்குச் சில நாள் மட்டும் தரும் டாக்ஸிசைக்ளினால் குழந்தைகளின் பல்லில் கறை படிவதாகத் தெரியவில்லை என்று பின்னால் நடந்த ஆய்வுகள் காட்டின. இந்த நோய்க்கு எந்த வயதிலும் அதுவே முதல் மருந்து. மருத்துவர் எழுதித் தந்தால் பயப்படாமல் கொடுங்கள்.

பாப்பாவை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடுங்கள். ஒரு உண்ணி இருந்த உடம்பில் இன்னொன்று இருக்கலாம். தலைமுடியைப் பிரித்து, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்புறம் என்று தேடுங்கள். உண்ணிக் குஞ்சு கடுகைவிடச் சிறியது, ஆறு கால் மட்டுமே இருக்கும், மச்சம் என்று ஏமாந்துவிடுவோம்.

நாயை விரட்டிவிடலாமா என்பது தெருவில் எல்லாரும் கேட்கும் கேள்வி. விரட்டினால் உண்ணி போகாது. நாய் உண்ணி வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. இரத்தம் குடித்ததும் கீழே விழுந்து சுவர் விரிசல், படிக்கட்டு இடுக்கு, கதவு நிலை, கோணிப்பை இவற்றில் ஒளிந்துகொள்ளும். சுவரில் மேலே ஏறும் பழக்கமும் உண்டு. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் இல்லாமல் போனால் பசித்த உண்ணிகள் வேறு உடம்பைத் தேடும். வெயில் கூடும் நாட்களில் இவை மனிதரைக் கடிப்பது அதிகமாவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நாய்க்கு மருந்து, இடத்துக்குச் சுத்தம், இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

தாய் நாயையும் குட்டிகளையும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கொண்டுபோகலாம். கழுத்தில் விடும் சொட்டு, மாத்திரை, ஊசி என்று உண்ணிக்கு நல்ல மருந்துகள் இப்போது இருக்கின்றன. குட்டியின் வயதுக்கும் எடைக்கும் எது பொருந்தும் என்று அவர்கள் சொல்வார்கள். நாய்க்கு ஊற்றும் மருந்தை நீங்களாக வாங்கிக் குட்டிமேல் ஊற்றாதீர்கள், பாப்பா தொடும் இடத்தில் வைக்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்யுங்கள். வீட்டு வாசல், திண்ணை, படிக்கட்டு விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். நாய் படுக்கும் கோணியை எரித்துவிட்டு வேறு போடுங்கள்.

நாயிடமிருந்து உண்ணியை எடுத்துக் கல்லில் வைத்து நசுக்குவதும், நகத்தால் நசுக்குவதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. அதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். நசுங்கிய உண்ணியின் சாறு பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால், கடி எதுவும் இல்லாமலே கண் வழியாகக் கிருமி உள்ளே போக முடியும். பெரியவர்கள் எடுப்பதானால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ போட்டுக்கொண்டு எடுத்து, மூடியுள்ள டப்பாவில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போடுங்கள்.

குட்டிகளோடு விளையாடவே கூடாது என்று பாப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன். மருந்து போட்டு, தடுப்பூசி போடும்வரை தூக்க வேண்டாம், தூரத்தில் இருந்து சோறு வைக்கலாம். அதற்குப் பிறகும் முகத்தருகே கொண்டுபோகக் கூடாது, விளையாடிவிட்டுக் கை கழுவ வேண்டும். காரணத்தைச் சொன்னால் 7 வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

பள்ளிக்குத் தாராளமாக அனுப்பலாம். இது மெட்ராஸ் ஐ போல ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. துண்டை எடுத்த அன்று மட்டும் வீட்டில் இருக்கட்டும். களிம்பு போட்டால் சிறிது நேரம் மங்கலாகத் தெரியும் என்பதால் பகல் வேளைக் களிம்பைப் பள்ளிக்குக் கிளம்பும்போது போடாமல், விட்டு வந்த பிறகு போடுங்கள். எத்தனை வேளை என்பதை மருத்துவரிடம் கேட்டு அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். வகுப்பு ஆசிரியரிடமும் கடித்த தேதியைச் சொல்லிவையுங்கள், மதியம் பிள்ளை சோர்ந்து படுத்தால் உங்களுக்கு உடனே போன் செய்யும்படி.